எட்டாவது ஆள்

கலைகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வரும்போது நாம் எல்லோரும் முதலில் ஒரு நாற்காலியைத் தேடுகிறோம். கச்சேரியானாலும் சரி, நாடகமானாலும் சரி, நாவலானாலும் சரி, எதிரே உட்கார்ந்து கேட்டோ, பார்த்தோ, படித்தோதான் நல்லது கெட்டது சொல்லிப் பழக்கம். நாற்காலியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே விளங்காத கலை ஒன்று இருக்க முடியுமா என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அமெரிக்கர்கள் ஆடும் ‘ஸ்கொயர் டான்ஸ்’ என்ற சதுர ஆட்டம் அப்படிப்பட்ட கலை.

கலிஃபோர்னியாவில் சான் ஹோஸேயைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். கம்ப்யூட்டரைத் தவிர அங்கே வேறு எதுவும் நடப்பதாக நம் ஊரில் யாரும் நினைப்பதில்லை. ஆனால் சாயங்கால வேளைகளில் மாதாகோவில் கூடங்களிலும், பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறைகளிலும் நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு மனிதர்கள் சதுரமாக நிற்கிறார்கள். ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு அது பெரிய காட்சி ஒன்றும் அல்ல. எட்டுப் பேர் நடக்கிறார்கள், கை கொடுக்கிறார்கள், திரும்புகிறார்கள், மறுபடியும் நடக்கிறார்கள். தலை நரைத்தவர்கள் அதிகம். குதிப்பு இல்லை, அபிநயம் இல்லை, முகத்தில் பாவம் என்று எதுவும் இல்லை. கால் மணி நேரம் பார்த்தால் கொட்டாவி வந்துவிடும். அதே கால் மணி நேரம் உள்ளே நின்று ஆடினால் வீட்டுக்குப் போக மனம் வராது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் யோசித்துப் பார்க்கிறேன்.

ஆட்டத்தின் அமைப்பு மிகவும் எளிது. நான்கு ஜோடிகள் ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களில் உள்நோக்கி நிற்கின்றன. இசை வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நிற்பது முதல் ஜோடி. அதற்கு வலப்புறம் இரண்டாவது, எதிரே மூன்றாவது, இடப்புறம் நான்காவது. சம்பிரதாயப்படி ஜோடியில் ஆண் இடப்பக்கம், பெண் வலப்பக்கம். ஆணுக்கு இடது கைப் பக்கத்தில், அடுத்த ஜோடியைச் சேர்ந்த பெண் நிற்பாள். அவளுக்கு ‘கார்னர்’, அதாவது மூலைத்துணை, என்று பெயர். ஒரு சதுரத்துக்கு எட்டுப் பேர். ஏழு பேர் இருந்தால் ஆட்டம் இல்லை. ஒன்பதாவது ஆள் வந்தால் அவர் காத்திருக்க வேண்டியதுதான்.

மேடையில் ஒருவர் நின்றுகொண்டு அடுத்த அசைவு என்ன என்று தாளத்தோடு சொல்லிக்கொண்டே போகிறார். அவரைக் ‘காலர்’ என்கிறார்கள். சட்டைக் காலரோடு குழப்பம் வராமல் இருப்பதற்காக நான் அழைப்பாளர் என்றே எழுதுகிறேன். நம்முடைய நட்டுவனாரைப் போல என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். நட்டுவனாரும் ஆடுகிறவரும் மாதக்கணக்கில் சேர்ந்து பாடம் பண்ணியவர்கள். ஜதி எங்கே முடியும் என்று இருவருக்கும் தெரியும். இங்கே ஆடுகிறவர்களுக்கு அடுத்த நொடி என்ன வரும் என்று தெரியாது. ‘அலமாண்ட் லெஃப்ட்’ என்று குரல் வந்தால், மூலைத்துணைக்கு இடது கையைக் கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றித் தன் துணையிடம் திரும்ப வேண்டும். ‘டோ-சி-டோ’ என்றால் எதிரில் நிற்பவரை முதுகுக்கு முதுகாகச் சுற்றிவந்து பழைய இடத்தில் நிற்க வேண்டும். முதுகுக்கு முதுகு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்தான் அமெரிக்க நாக்கில் இப்படித் தேய்ந்திருக்கிறது. சொல் காதில் விழுவதற்கும் கால் நகர்வதற்கும் இடையே யோசிக்க நேரமே கிடையாது.

இதில் கலை எங்கே இருக்கிறது? முதலில், அழைப்பாளரிடம். சங்கங்களில் ஆடும் நவீன ஆட்டத்தில் ஒரு சுற்றை ‘டிப்’ என்கிறார்கள். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் அழைப்பாளர் மனம் போனபடி சொற்களைக் கோத்துச் சதுரத்தைக் கலைக்கிறார். மனைவி எங்கோ, கணவன் எங்கோ, வரிசைகள் உருவாகி, வட்டங்களாகி, மறுபடியும் வரிசைகளாகின்றன. உள்ளே இருக்கிறவனுக்குத் தான் எந்தத் திக்கைப் பார்த்து நிற்கிறோம் என்பதே மறந்துபோகிறது. அழைப்பாளரோ ஒன்றிரண்டு ஜோடிகளை மட்டும் மனத்தில் குறித்து வைத்துக்கொண்டு அவர்கள் போகும் வழியைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். சிக்கல் முற்றியது என்று தோன்றும் இடத்தில் இரண்டு மூன்று சொற்கள் சொல்கிறார். திடீரென்று பார்த்தால் மூலைத்துணை இடது கைக்கு எதிரே நிற்கிறாள். அடுத்த அடியில் தன் துணையின் வலது கை கிடைக்கிறது. பிறகு அடுத்தவரின் இடது கை, அதற்கடுத்தவரின் வலது கை என்று சங்கிலியாகக் கோத்துப் போனால், மறுபக்கத்தில் தன் துணையையே மறுபடி சந்தித்து, அவளோடு சேர்ந்து நடந்து சொந்த இடத்துக்கு வந்துவிடலாம். கூடத்தில் இருபது சதுரங்கள் இருந்தால், இருபதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வீடு வந்து சேர்கின்றன.

இந்த வீடு திரும்புதலில் உள்ள சந்தோஷத்தை நாற்காலியிலிருந்து அனுபவிக்க வழியில்லை. நல்ல நாவலில் பாத்திரங்கள் எல்லாம் சிதறிப்போய்க் கடைசி அத்தியாயத்தில் ஒன்றுசேரும்போது வாசகனுக்கு ஒரு நிறைவு உண்டாகிறதல்லவா? அதே நிறைவு இங்கே பாத்திரத்துக்கே உண்டாகிறது. இரண்டாவது பகுதியில் அழைப்பாளர் தெரிந்த பாட்டு ஒன்றைப் பாடி, அதன் அடிகளுக்கு நடுவே அழைப்புகளைச் செருகுகிறார். துணைகள் நான்கு முறை மாறி, நான்காவது மாற்றத்தில் அவரவர் பழைய துணையிடம் வந்து சேர்கிறார்கள். முதல் பகுதியில் மூளை வேலை செய்கிறது. இரண்டாவது பகுதியில் அது ஓய்வெடுத்துக்கொள்கிறது. இரண்டையும் இப்படி அடுத்தடுத்து வைத்தவர்கள் மனித சுபாவம் தெரிந்தவர்கள்.

இந்த ஆட்டத்தை மேடையில் ஏற்றிப் பெரிய கலைஞர்கள் பார்த்திருக்கிறார்கள். 1942-ல் ஆக்னஸ் டி மில் ‘ரோடியோ’ என்ற பாலே நாடகத்தின் நடுவே ஒரு சதுர ஆட்டத்தை வைத்தார். வாத்தியங்களை நிறுத்திவிட்டுக் கைதட்டலும் அழைப்புக் குரலும் மட்டுமே கேட்கும்படி செய்தார். 1957-ல் ஜார்ஜ் பாலன்சைன் நியூயார்க் சிட்டி பாலேக்காக ‘ஸ்கொயர் டான்ஸ்’ என்றே ஒரு பாலேயை அமைத்தார். இசை விவால்டியும் கொரெல்லியும். வாத்தியக்காரர்களோடு எலைஷா கீலர் என்ற உண்மையான அழைப்பாளரும் மேடையில் நின்று அழைப்புச் சொன்னார். ஐரோப்பிய அரண்மனை நடனமும் அமெரிக்கக் கிராமத்து ஆட்டமும் ஒரே குடும்பம் என்பது பாலன்சைன் கண்ட உண்மை. அதை அவர் அழகாகவே நிரூபித்தார். ஆனால் 1976-ல் அதே பாலேயை அவர் மறுபடி மேடையேற்றியபோது அழைப்பாளரை எடுத்துவிட்டார். எடுத்தது நியாயம்தான். ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருக்கும் நடனக்காரிக்கு அடுத்த அடியைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் எதற்கு? அழைப்பாளர் தேவைப்படாத நிமிஷத்தில் அது வேறு கலையாகிவிட்டது. உயர்ந்த கலையாகவே இருக்கலாம். சதுர ஆட்டத்துக்கு உயிராக இருப்பது ‘அடுத்தது என்ன என்று தெரியாது’ என்கிற அந்தப் படபடப்பு. அது மேடை ஏற மறுத்துவிட்டது என்பதைத்தான் பாலன்சைனின் அனுபவம் நமக்குக் காட்டுகிறது.

ஆட்டத்தின் பூர்வோத்தரத்தைப் பார்த்தால், ‘இது எங்கள் சொத்து’ என்று யாருமே மார்தட்ட முடியாத கலவையாக இருக்கிறது. 1651-ல் லண்டனில் ஜான் பிளேஃபோர்டு அச்சிட்ட கிராமிய நடனப் புத்தகத்தின் மரபு இதில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் ‘குவாட்ரில்’ நடனத்திலிருந்து நான்கு ஜோடிச் சதுரம் வந்தது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டார் தங்கள் பங்கைக் கொண்டுவந்தார்கள். அழைப்பாளர் எங்கிருந்து வந்தார்? ஐரோப்பாவில் நடன ஆசிரியரிடம் பாடம் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டு ஆடுவதுதான் வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விருந்துகளுக்குப் பிடில் வாசித்த கறுப்பின இசைக்காரர்கள், அவர்களில் பலர் அடிமைகள், வாசித்துக்கொண்டே அடுத்த அசைவைச் சொல்லத் தொடங்கினார்கள் என்று பில் ஜாமிசன் என்ற ஆராய்ச்சியாளர் 2015-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆசிரியரிடம் பணம் கொடுத்துப் பாடம் கேட்க முடியாதவர்களும் ஆடலாம் என்ற நிலைமை அந்தக் குரலால் உண்டாயிற்று. இந்தக் கலையின் வாசலைத் திறந்து வைத்தவர்கள், தங்களுக்கு எந்த வாசலும் திறக்கப்படாத மனிதர்கள்.

இந்தச் சரித்திரத்தை மறைத்து ஆட்டத்துக்கு வெள்ளையடித்த காலமும் உண்டு. மோட்டார் கார் செய்த ஹென்றி ஃபோர்டு ஜாஸ் இசையை வெறுத்தார். அதை யூதர்களின் சூழ்ச்சி என்று அவருடைய பத்திரிகை எழுதியது. அதற்கு மாற்றாகப் பழைய நடனங்களைப் பரப்ப அவர் பணத்தை வாரி இறைத்தார். பெஞ்சமின் லவெட் என்ற நடன ஆசிரியரை அமர்த்திக்கொண்டார். 1926-ல் நடனப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். பள்ளிக்கூடங்களில் பாடமாக வைக்கச் செய்தார். பின்னால் 1982-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சதுர ஆட்டத்தை இரண்டு வருஷங்களுக்குத் தேசிய கிராமிய நடனமாக அறிவித்துச் சட்டம் செய்தது. அதை நிரந்தரமாக்க வேண்டும் என்று கிளம்பிய முயற்சி வெற்றி பெறவில்லை. பல இனங்கள் வாழும் நாட்டில் ஒரு நடனத்துக்கு மட்டும் முடிசூட்டுவது சரியா என்று நாட்டார் கலை ஆராய்ச்சியாளர்களே எதிர்த்தார்கள். எதிர்த்தது நல்லதே என்பது என் கருத்து. சட்டம் போட்டு ஒரு கலையை நாட்டின் அடையாளமாக்கினால், ‘இது உன்னுடையது அல்ல’ என்று வேறு யாருக்கோ சொன்னதாக ஆகிவிடுகிறது. ஆள் சேர்த்துத்தான் வாழ முடியும் என்ற கலைக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

இனி, புதிதாகப் போகிறவனுடைய கண்ணோடு இன்றைய நிலைமையைப் பார்க்கலாம். ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு வகையான கூடங்கள் இருக்கின்றன.

முதல் வகையில் பழைய பாணி ஆட்டம். பிடில், பான்ஜோ, கிட்டார் என்று நேரில் வாசிக்கிறார்கள். முன்பதிவு கிடையாது, பயிற்சி வகுப்பு கிடையாது. அழைப்பாளர் முதலில் ஒருமுறை மெதுவாக நடத்திக் காட்டிவிடுகிறார். பிறகு முதல் ஜோடி இரண்டாவது ஜோடியிடம் போய் ஓர் அசைவை ஆடுகிறது; பிறகு மூன்றாவதிடம்; பிறகு நான்காவதிடம். ‘கூண்டுக்குள் குருவி’ என்று பொருள்படும் அசைவில் ஒருத்தி நடுவில் நிற்க மற்றவர்கள் கைகோத்துச் சுற்றி வருகிறார்கள். குருவி வெளியே வர, காகம் உள்ளே போகிறது. முதல் ஜோடி முடித்ததும் இரண்டாவது ஜோடியின் முறை. ஆகையால் புதியவனை நான்காவது ஜோடியாக நிறுத்துகிறார்கள். அவன் முறை வருவதற்குள் அதே அசைவை மூன்று பேர் ஆடிக் காட்டியிருப்பார்கள். எவ்வளவு நாசூக்கான ஏற்பாடு! கற்பிக்கிறோம் என்ற பாவனை துளிக்கூட இல்லாமல் ஆட்டத்தின் அமைப்புக்குள்ளேயே பாடத்தை வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது வகை சங்கத்து ஆட்டம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு இது பெரிதாக வளர்ந்தது. கொலராடோவில் பள்ளி நிர்வாகியாக இருந்த லாயிட் ஷா 1939-ல் எழுதிய ‘கௌபாய் டான்ஸஸ்’ என்ற புத்தகமும், அவர் அழைப்பாளர்களுக்கு நடத்திய வகுப்புகளும் ஒரு காரணம். ஒலிபெருக்கியும் கிராமபோன் தட்டும் இன்னொரு காரணம். 1950-ல் சான்டா மோனிகா நகரத்தின் வீதியிலே ஒரே இரவில் 15,000 பேருக்கு மேல் ஆடினார்கள். ஆடுகிறவர்கள் பெருகப் பெருக அழைப்புகளும் பெருகின. ஒவ்வோர் அழைப்பாளரும் புதிதாக ஏதாவது கண்டுபிடித்தார். குழப்பத்தைத் தீர்க்க ‘காலர்லாப்’ என்ற அழைப்பாளர் அமைப்பு தோன்றியது. 1974-ல் அதன் முதல் மாநாடு நடந்தது. அது ஆட்டத்தைப் படிகளாகப் பிரித்தது. ‘மெயின்ஸ்ட்ரீம்’ படிக்கு ஏறத்தாழ எழுபது அழைப்புகள், ‘பிளஸ்’ படிக்கு மேலும் முப்பது, அதற்கு மேல் ‘அட்வான்ஸ்டு’, அதற்கும் மேல் ‘சாலஞ்ச்’ என்று ஏணி போகிறது. இந்தச் சீர்திருத்தத்தால் ஒரு பெரிய நன்மை உண்டு. ஜப்பானிலும், ஜெர்மனியிலும், ஸ்வீடனிலும் இதே அழைப்புகளை இதே ஆங்கிலத்தில் சொல்லி ஆடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் கற்றவன் தோக்கியோவில் போய் நின்று, ஒரு வார்த்தை ஜப்பானியம் தெரியாமல் ஆடிவிட்டு வரலாம்.

கடினமான ஆட்டத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ‘படகில் ஏற்று’, ‘தேநீர்க் கோப்பைச் சங்கிலி’ என்றெல்லாம் பெயர் வைத்த பிளஸ் அழைப்புகளில் எட்டுப் பேரும் நாலா திக்கிலும் ஓடி, இடிக்காமல் விலகி, சரியான இடத்தில் வந்து நிற்கும்போது உண்டாகும் பரவசம், கணக்கு ஒன்று பிசகில்லாமல் விடை வந்தபோது உண்டாகும் பரவசத்தைப் போன்றது. மேல் படிகளில் கணிதமும் கம்ப்யூட்டரும் தொழிலாகக் கொண்டவர்கள் பலர் ஆடுவதில் ஆச்சரியமில்லை. உழைத்துப் பெறும் ரசனையை மட்டம் தட்டுகிறவன் இலக்கியத்தைப் பற்றியும் பேச அருகதையற்றவன்.

என் சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. சங்கத்துக்குப் போகும் புதியவனை யாரும் விரட்டுவதில்லை. ‘ஏஞ்சல்’, அதாவது தேவதை, என்று அழைக்கப்படும் பழைய ஆட்டக்காரர்கள் பொறுமையாக அவனோடு நிற்கிறார்கள். தோளைத் தொட்டுத் திருப்பிவிடுகிறார்கள். ஒருவர் தவறினால் எட்டுப் பேரின் ஆட்டமும் கலைந்துவிடும். கலைந்தால் கோபிப்பதில்லை, எதிரெதிரே இரண்டு வரிசையாக நின்று, அழைப்பு வசதியாக வரும் இடத்தில் மறுபடி சேர்ந்துகொள்கிறார்கள். சுற்று முடிந்ததும் நடுவில் கை சேர்த்து நன்றி சொல்கிறார்கள். இவ்வளவு நல்ல மனிதர்கள்தான், ‘வாரம் ஒருநாள் வந்து மாதக்கணக்கில் கற்றுக்கொண்டால் எங்களோடு ஆடலாம்’ என்கிறார்கள். கற்று முடித்து வந்து பார்த்தால் சங்கம் பிளஸ் ஆடுகிறது. இன்னும் கொஞ்சம் கற்க வேண்டியிருக்கிறது. கீழ்ப்படி என்பது தங்கி வாழும் வீடாக இல்லாமல் மேல்படிக்குக் காத்திருக்கும் திண்ணையாகிவிட்டது. எல்லாரும் மேலே ஏற ஏறக் கீழே வருகிறவர்கள் குறைந்தார்கள். 1952-ல் தொடங்கிய தேசிய மாநாட்டுக்கு 1976-ல் அனஹைமில் ஏறத்தாழ 40,000 பேர் வந்தார்கள். அண்மை வருஷங்களில் சில ஆயிரம் பேர் வந்தால் உண்டு. தொலைக்காட்சி, முதுமை, பள்ளிக்கூடத்தில் கட்டாயமாக ஆடவைத்ததால் வந்த வெறுப்பு என்று காரணங்கள் பல சொல்லலாம். எல்லாம் உண்மையே. ஆனால் தெருவில் போகிறவன் அன்றிரவே உள்ளே வந்து ஆடலாம் என்ற நிலை போனது அவற்றில் முக்கியமான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்றக் கலைகளுக்கு இந்த ஆபத்து இவ்வளவு உடனடியாக வராது. கடினமாக எழுதுகிற நாவலாசிரியன் வாசகர்களை இழக்கிறான். நாவல் அலமாரியில் இருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்தாவது ஒருவன் எடுத்துப் படிக்கக்கூடும். சதுர ஆட்டத்தை அலமாரியில் வைக்க முடியாது. இன்று சாயங்காலம் எட்டுப் பேர் வரவில்லை என்றால் இன்று சாயங்காலம் அந்தக் கலை இல்லை. இசை தொடங்கும் முன் ஆள் குறைந்த சதுரத்தில் நிற்பவர்கள், இன்னும் எத்தனை ஜோடி வேண்டும் என்று விரலை உயர்த்திக் காட்டுவார்கள். எத்தனை தேர்ச்சி உள்ளவர்களும் அந்த விரலை உயர்த்தித்தான் ஆக வேண்டும்.

இதை உணர்ந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அண்மையில் காலர்லாப், ஏறத்தாழ ஐம்பது அழைப்புகளோடு நின்றுவிடும் ஒரு சிறிய திட்டத்தை வகுத்திருக்கிறது. அதைச் சில மாதங்களுக்குள் கற்று முடித்து, அதிலேயே திருப்தியாக ஆடிக்கொண்டிருக்கலாம். ஓரினக் காதலர்கள் தங்களுக்கென்று சங்கங்கள் வைத்து 1983-ல் ஒரு கூட்டமைப்பை உண்டாக்கினார்கள். ஆண் நிற்கும் இடத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம், பெண் நிற்கும் இடத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று ஆடினார்கள். இப்போது பழைய பாணிக் கூடங்கள் சிலவற்றில் ‘ஆண்கள்’, ‘பெண்கள்’ என்று சொல்லாமல், இடப்பக்கத்தாரை ‘லார்க்’ என்றும் வலப்பக்கத்தாரை ‘ராபின்’ என்றும் இரண்டு பறவைகளின் பெயரால் அழைக்கிறார்கள். மரபு கெட்டுவிட்டது என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அடுத்த அடியை உரக்கச் சொல்லி, தெரியாதவனையும் ஆடவைத்தபோதுதான் இந்த மரபே பிறந்தது.

விமர்சகன் என்ற முறையில் என்னுடைய தீர்ப்பு இதுதான். சதுர ஆட்டத்தின் தரத்தை அழைப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டோ, பாவாடைகளின் பகட்டைக் கொண்டோ, தேர்ந்தவர்களின் லாகவத்தைக் கொண்டோ அளப்பது போதாது. ஏழு பேர் தேர்ந்தவர்களாக நிற்கும்போது, ஒன்றும் தெரியாத எட்டாவது ஆள் ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். அவரை உள்ளே இழுத்துக்கொண்டு, அவரும் வீடு வந்து சேரும்படி அழைத்து ஆடத் தெரிந்த கூடத்தில்தான் அந்தக் கலை முழுமையாக இருக்கிறது. நான் போன ஊரில் அப்படிப்பட்ட கூடங்கள் இரண்டு வகையிலும் இருந்தன. அப்படி இல்லாதவையும் இரண்டு வகையிலும் இருந்தன. யாராவது மகனையோ மகளையோ பார்க்க அந்தப் பக்கம் போக நேர்ந்தால், ஒரு சாயங்காலம் போய் வரலாம். ஓரத்து நாற்காலியில் மட்டும் உட்கார்ந்துவிட வேண்டாம்.